உப்புக் கச்சேரியின் மூன்றாவது அறை

சென்ற மாதம் செங்கல்பட்டில் நடந்த ஒரு கூட்டத்துக்கு, ஓய்வுபெற்ற எங்களில் ஐந்தாறு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். பழைய கட்டடங்களில் விரிசல் நகர்கிறதா என்று பார்க்கப் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது. தீப்பெட்டி அளவுதான். சுவரில் ஒட்டிவிட்டால், விரிசல் மயிரிழை அசைந்தாலும் பொறியாளரின் செல்போனில் எண் வந்து நின்றுவிடுகிறது. அதைக் காட்டி முடித்ததும் ஓர் இளம் பொறியாளர் என் பக்கம் திரும்பி, "உங்க காலத்துல இதை எப்படி சார் பண்ணீங்க?" என்று கேட்டார்.

"கண்ணாடி ஒட்டிட்டு, அது உடையுதான்னு பார்த்துக்கிட்டு இருப்போம்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பத்து நிமிடம் பேசினேன். கைதட்டி, சால்வை போர்த்தி, கையில் ஒரு கையேட்டையும் கொடுத்தார்கள். நம் பக்கத்தில் பார்க்க வேண்டிய பழைய கட்டடங்களைப் பற்றி யாரோ புதிதாக அச்சிட்டிருந்தார்கள். வழவழப்பான தாள், நல்ல படங்கள்.

ஊரப்பாக்கம் திரும்பும் மின்சார ரயிலில் அதைப் பிரித்தேன். கல்லைக் குடைந்த வல்லம் கோயில்கள், திருக்கழுக்குன்றத்து மண்டபம், சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கல்லறைகள், உப்பங்கழியைப் பார்த்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டையின் செங்கல் சுவர். எல்லாமே நான் ஏணி போட்டு ஏறிய இடங்கள். பதினெட்டாம் பக்கத்தில் உப்புக் கச்சேரி இருந்தது. சுண்ணாம்பு வெளுப்பில், மாலை வெயிலில், அழகாக எடுத்திருந்தார்கள். கீழே இப்படி எழுதியிருந்தது: "நெடுங்காலம் கைவிடப்பட்டு, ஆளின்றிக் காலியாகக் கிடந்த இந்தக் கட்டடம் இன்று புத்துயிர் பெற்றுள்ளது."

நான் ஊரப்பாக்கத்தில் இறங்கவில்லை. ஸ்டேஷன் வந்ததே தெரியவில்லை. வண்டலூரும் தாண்டிவிட்டது. எங்கோ இறங்கி, எதிர் பிளாட்பாரத்துக்கு ஓடி, வேறு வண்டி பிடித்துத் திரும்பினேன். அன்றிலிருந்து உட்கார முடியவில்லை. சாப்பிடும்போது எழுந்துவிடுகிறேன். "இன்னா ஆச்சு உனுக்கு, வூட்டுக்குள்ளயே நடந்துகினே கீற?" என்று என் மனைவி கேட்டுவிட்டாள். அந்தப் பத்து நிமிடப் பேச்சில் நான் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் தேவராஜ். படாளத்துக்கு உள்ளே ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவு, அறுப்பு என்று போனவர்கள். நாங்கள் குடியிருந்த குடிசையும் அடுத்தவர் வரப்போரத்தில்தான் இருந்தது. நான் ஆறாவது படிக்கும்போது, மோட்டார் கொட்டகை போட வேண்டும் என்று நிலத்துக்காரர் சொன்னார். ஒரு காலைப்பொழுதில் நாங்களே அதைப் பிரித்து, கீற்றையும் மூங்கிலையும் தலையில் வைத்துக்கொண்டு நடந்தோம்.

ஐ.டி.ஐ.யில் வரைவாளர் படிப்பு முடித்து, பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் வேலையில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் சுண்ணாம்பு நீற்றினேன், மணல் சலித்தேன், கொத்தனார்களுக்குச் சாந்தில் கலக்கக் கடுக்காய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பிறகு வேலை நிரந்தரமாகி ஃபோர்மேன் ஆனேன். கட்டடத்தைப் பார்த்து அறிக்கை எழுதும் வேலையும் அதோடு சேர்ந்து வந்தது.

அந்த வேலையை எனக்குக் கற்றுத்தந்தவர் எங்கள் பொறியாளர் பத்மாசனி மேடம். குள்ளமானவர். பருத்திப் புடவை, காலில் ஆண்கள் போடும் கேன்வாஸ் ஷூ. சுண்ணாம்பு அரைக்கும் பெண்கள் உட்பட எல்லோரையும் 'நீங்க' என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு கட்டடத்துக்குள் நுழைந்ததும் முதலில் எதையும் பார்க்க மாட்டார். புறங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று நடப்பார். ஈரம் எங்கே இருக்கிறது என்று புறங்கைக்குத்தான் சீக்கிரம் தெரியும் என்பார். இரண்டாவது சுற்றில் சின்ன மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே வருவார். கெட்டியான பூச்சு ஒரு சத்தம் தரும், உள்ளே காற்றுப் புகுந்த பூச்சு வேறு சத்தம் தரும். மூன்றாவது சுற்றில்தான் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்ப்பார். அதுவரை நாங்கள் யாரும் வாய் திறக்கக் கூடாது.

நான் எழுதிய முதல் அறிக்கை, கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு சிறிய மண்டபத்தைப் பற்றியது. "மேல்தளம் நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதியிருந்தேன். மேடம் அந்த வரியின் மேல் பென்சிலை வைத்தார்.

"தேவராஜ், இதைப் பார்த்தீங்களா, நினைச்சீங்களா?"

"மேடம்?"

"மேல ஏறினீங்களா?"

நான் ஏறவில்லை. ஏணி சரியாக இல்லை. கீழிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. மேடம் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஜீப் இல்லாத நாள் அது. இரண்டு பஸ் மாறி அந்த மண்டபத்துக்குப் போனோம். வழியில் அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மண்டபத்தின் மேலே ஏறிப் பார்த்தேன். என் இடுப்பு உயரத்துக்கு ஓர் அரசங்கன்று வளர்ந்து, இரண்டு கற்களுக்கு நடுவே வேரை இறக்கியிருந்தது. கீழே வந்ததும் மேடம் பேனாவைக் கொடுத்தார். "இப்ப எழுதுங்க. பார்த்ததை மட்டும் எழுதுங்க. நினைக்கிறதுக்கு நான் இருக்கேன்."

இருபது வருடம் அந்த விதியைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தேன். ஒவ்வொரு வரியின் முன்னாலும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வேன். நல்ல விதி என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அதற்குள் ஒளிந்துகொள்ளவும் முடியும் என்பதை உப்புக் கச்சேரியில்தான் தெரிந்துகொண்டேன்.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், உப்பளத்தை ஒட்டி நிற்கிறது அந்தக் கட்டடம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் காலத்தில் உப்பை எடை போட்டு வைத்த அலுவலகம். அலுவலகத்துக்கு அன்று கச்சேரி என்று பெயர். தாழ்வாரத்தில் வரிசையாகப் பருத்த தூண்கள், அவற்றுக்குப் பின்னால் ஒரே நீளமாக ஒன்பது அறைகள். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிப் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. உப்பு அலுவலகம் இடம் மாறிப்போன பின், ஒரு புயல் மழையில் குடிசை இழந்த உப்பளக் கூலிக்காரர்கள் அங்கே ஒதுங்கினார்கள். ஒன்பது அறையில் ஒன்பது குடும்பம். முப்பது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தார்கள். குழந்தைகள் பிறந்தன, கல்யாணங்கள் நடந்தன, மின்சாரமும் ரேஷன் கார்டும் வந்தன.

எனக்கு ஓய்வு வயது நெருங்க இன்னும் பல வருடம் இருந்த சமயம். அந்தக் கட்டடம் எங்கள் பட்டியலுக்கு வந்தது. உப்பங்கழிப் பக்கச் சுவரில், மூன்றாவது அறையில், தரையிலிருந்து கூரை வரை ஒரு விரிசல் ஓடியது. அது பழைய விரிசலா, இன்னும் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். மேடம் என்னை அனுப்பினார்.

கண்ணாடி ஒட்டுவது இப்படித்தான். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் அடியில் வைப்பார்களே, அந்த மெல்லிய கண்ணாடிப் பட்டை வேண்டும். விரிசலுக்கு இரண்டு பக்கமும் பூச்சைச் சுரண்டி, செங்கல் தெரியும்வரை கொண்டுவர வேண்டும். பட்டையைக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் பிடித்துவைக்க வேண்டும். நடுவில் ஒன்றும் ஒட்டக் கூடாது. அதன்மேல் எண்ணும் தேதியும் எழுத வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி வளையாது, உடைந்துவிடும். வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து, உடைந்தது, உடையவில்லை என்று எழுதினால் போதும்.

மூன்றாவது அறை தேசம்மாவுடையது. அப்போது அவளுக்கு நாற்பது இருக்கும். புருஷன் இறந்துவிட்டான். உப்பளத்தில் வேலை குறைந்த பிறகு, படூரில் ஒரு கல்லூரி விடுதிச் சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரே மகள், பன்னிரண்டாம் வகுப்பு. நான் கண்ணாடி ஒட்டும்போது தேசம்மா பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

"இது இன்னா சார், செவுத்துக்கு பிளாஸ்திரியா?"

"செவுரு நகருதான்னு சொல்லும்மா."

"நகந்தா?"

"ஒடஞ்சிடும்."

"ஒடஞ்சா இன்னா பண்ணுவீங்க?"

"மேடம் பாத்து முடிவு பண்ணுவாங்க," என்றேன். அவள் டீ போட்டுக் கொடுத்தாள்.

முதல் வாரம், இரண்டாம் வாரம், மூன்று, நான்கு. கண்ணாடி உடையவில்லை. "அசைவு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு வாரமும் டீ வந்தது. மற்ற வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். யாருக்கு எங்கே வேலை, யார் மகனுக்கு நாவலூரில் கம்பெனி வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் சொந்த ஊருக்கு வந்தது போல இருந்தது.

ஐந்தாவது வாரம் நான் குனிந்து பார்த்தபோது கண்ணாடியின் ஓரம் பச்சையாகத் தெரிந்தது. நான் ஒட்டியது மெல்லியது, ஓரத்தில் நிறம் இருக்காது. படத்துக்குச் சட்டம் போடும் கண்ணாடிதான் கொஞ்சம் தடிமனாக, வெட்டிய ஓரம் பச்சையாக இருக்கும். எண்ணும் தேதியும் என் எழுத்து மாதிரியே இருந்தன. ஆனால் நான் ஏழுக்கு நடுவில் கோடு போடுவேன், இதில் கோடு இல்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நொடிதான் ஆகியிருக்கும். நிமிர்ந்தேன். தேசம்மா டீ டம்ளருடன் நின்றாள். வாங்கிக் குடித்தேன். வெளிச்சம் பட்டால் கண்ணாடி அப்படித் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "அசைவு இல்லை" என்று எழுதினேன். தலையில் கீற்றைச் சுமந்து நடந்த அந்தக் காலை அன்று முழுக்க என் மண்டைக்குள் ஓடியது. இவர்களைக் கிளப்பும் தாளில் என் கையெழுத்து இருக்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்ததை எழுதவில்லை. நினைத்ததை எழுதினேன்.

ஆறு, ஏழு, எட்டு. வாரா வாரம் போனேன், குனியாமல் பார்த்தேன், எழுதினேன்.

ஒன்பதாவது வாரம் போனபோது மூன்றாவது அறையின் வாசலில் புதிய மரச்சீவல் சுருள் சுருளாகக் கிடந்தது. கதவின் மேல்விளிம்பை இழைத்திருந்தார்கள்.

"இன்னா தேசம்மா இது?"

"கதவு சாத்த முடியல சார், புடிச்சிகினு கீது. ஆசாரிய வுட்டு சீவினேன். மழ ஈரம்."

"மழயே இன்னும் வரலியே."

கதவு பிடித்தால் நிலைவாசல் சாய்கிறது என்று அர்த்தம். நிலைவாசல் சாய்ந்தால் சுவர் சாய்கிறது. நான் உள்ளே போனேன். விரிசலின் மேல்பாதியை ஒரு மாதா படக் காலண்டர் மறைத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றினேன். சுவர்ப் பட்டியால் அடைத்து வெள்ளையடித்திருந்தது. விரலால் அழுத்தியதும் பட்டி பெயர்ந்து விழுந்தது. முதல் வாரம் ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழைந்த விரிசல் அது. இப்போது என் சுண்டுவிரல் நுழைந்தது.

"இந்தக் கண்ணாடி நான் ஒட்டினது இல்ல," என்றேன்.

தேசம்மா கதவைச் சாத்தப் போனாள். அது முழுசாகச் சாத்தவில்லை. அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒடஞ்சா வூட்டுக்கு சீல் வெச்சிடுவாங்கன்னு சொன்னாங்க சார். பொண்ணுக்கு மார்ச்சுல பரீட்ச. அதுவரிக்கும் ஒடயாம கெடந்தா போதும்னு நென்ச்சேன். படக்கடையில வெட்டியாந்து ஒட்டினேன். ஒன் எழுத்தப் பாத்துப் பாத்து எழுதினேன்."

"எத்தினி தபா?"

"மூணு தபா."

"ஒடயாம கெடக்க வேண்டியது கண்ணாடியாம்மா? ஒன் தலைக்கு மேல கீற கூரை இல்லியா?"

அவள் அழவில்லை. "எங்க போவோம், அத்த சொல்லு," என்றாள்.

நான் ஏணியைப் போட்டு ஏறினேன். உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்துத் தள்ளினேன். பிடி வரைக்கும் உள்ளே போனது. தேக்கு அங்கே தேக்காக இல்லை. சுவர் வெளிப்பக்கம் சாய்கிறது, உத்தரத்தின் முனை உளுத்துவிட்டது. ஒரு சாண் நீளம் சுவரில் உட்கார்ந்திருக்க வேண்டிய மரம் நான்கு விரல்கடைதான் உட்கார்ந்திருந்தது. இப்படிப்பட்ட கூரை முன்கூட்டிச் சொல்லிவிட்டு விழாது.

அன்றே செங்கல்பட்டு அலுவலகத்துக்குப் போய் மேடத்திடம் சொன்னேன். கண்ணாடி மாற்றப்பட்டிருக்கிறது என்றேன். யார் மாற்றினார்கள் என்று அவர் கேட்கவே இல்லை.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?"

"இன்னைக்குத்தான் மேடம்."

அவர் என்னைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "ஜீப் எடுக்கச் சொல்லுங்க," என்றார்.

அன்று மாலைக்குள் சவுக்குக் கம்புகள் வந்து இறங்கின. ஒன்பது அறையிலும் உத்தரத்துக்கு உத்தரம் முட்டுக் கொடுத்தோம். மேடம் மூன்று சுற்று நடந்தார். அந்தச் சுவர் முழுவதும் ஒரே நிலைமைதான், ஒருவரும் உள்ளே இருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு நாளில் வருவாய்த்துறை ஆட்கள் வந்தார்கள். மதுராந்தகம் தாண்டி உள்ளே தற்காலிகமாக மனை ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். எட்டுக் குடும்பம் சண்டை போட்டு, ஏசி, கடைசியில் சாமான் கட்ட ஆரம்பித்தது. தேசம்மா மட்டும் நிலைவாசலில் உட்கார்ந்துகொண்டாள். உத்தரவைப் படித்துக் காட்டினார்கள். மிரட்டிப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. வானம் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

நான் போய் அவள் எதிரில் குந்தினேன்.

"எழுந்திரும்மா. ரிப்பேர் முடிஞ்சதும் இதே ரூம்புக்கு வந்துடலாம்."

"நீ சொல்றியா, ஆபீசு சொல்லுதா?"

அப்படி ஓர் உத்தரவும் இல்லை. யாரும் எனக்கு அப்படிச் சொல்லவும் இல்லை.

"நான் சொல்றேன்," என்றேன்.

"அப்ப சரி. ஆபீசு சொன்னா எழுந்திருக்க மாட்டேன்." முட்டியில் கையை ஊன்றி எழுந்து, சுவரில் இருந்த மாதா படத்தை எடுத்துச் சேலையில் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

ஆறாம் நாள் மழை கொட்டியது. மத்தியானம் இரண்டு மணிக்கு, நான் தாழ்வாரத்தில் நிற்கும்போதே, மூன்றாவது அறையின் இரண்டு உத்தரங்கள் சவுக்கு முட்டுகளை ஒடித்துக்கொண்டு இறங்கின. பெரிய சத்தம்கூட இல்லை. மூட்டை சரிவது மாதிரி ஒரு சத்தம், அப்புறம் தூசி. தூசி அடங்கியதும் எட்டிப் பார்த்தேன். தேசம்மாவின் மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து படிக்கும் மூலையில் செங்கல் என் மார்பு உயரத்துக்குக் குவிந்திருந்தது.

ஐந்தாவது வாரத்திலிருந்து ஒன்பதாவது வாரம் வரை அந்தப் பெண் அங்கேதான் உட்கார்ந்து படித்தாள். நான் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையேடு கைக்கு வரும்வரை இதை யாரிடமும் சொன்னதில்லை.

பழுதுபார்க்க மூன்று மழைக்காலம் பிடித்தது. சுவரை நிமிர்த்தினோம். பழைய தேக்குக்கு வேறு தேக்குத் தேடி, முனைக்குத் தார் பூசி ஏற்றினோம். அறை அறையாகச் சுவரின் கரியைத் துடைத்தோம். மூன்றாவது அறையின் ஒரு சுவரில் மட்டும், துடைத்தால் பழைய பூச்சு கையோடு வந்துவிடும் போல இருந்ததால், அப்படியே விடச் சொன்னார் மேடம்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கட்டடத்தின் நீளம், அகலம், சுவரின் தடிமன். கடைசிக்கு முந்தின கட்டத்தில் "தற்போதைய பயன்பாடு" என்று இருந்தது. அதை வைத்துத்தான் அடுத்து அந்தக் கட்டடம் யாருக்கு, எதற்கு என்று மேலே முடிவு செய்வார்கள். எனக்கு அது தெரியும்.

நான் பேனாவை வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றேன். ஒன்பது கதவும் திறந்திருந்தன. உள்ளே ஒருவரும் இல்லை. "காலி" என்று எழுதினேன்.

மேடம் படிவத்தை வாங்கிப் பார்த்தார். பென்சில் அந்தக் கட்டத்தில் நின்றது.

"பார்த்தீங்களா, நினைச்சீங்களா?"

"பார்த்தேன் மேடம்."

உண்மைதான். நான் பார்த்தபோது காலியாகத்தான் இருந்தது. மேடம் உடனே கையெழுத்துப் போடவில்லை. கொஞ்ச நேரம் படிவத்தைக் கையிலேயே வைத்திருந்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாரா? "ஒன்பது குடும்பம் இருந்தது, திரும்பி வரச் சொல்லியிருக்கேன்" என்று அப்போது சொல்லியிருந்தால் இன்னொரு வரி சேர்த்திருப்பாரா? சேர்த்திருந்தாலும் மேலே யாராவது கேட்டிருப்பார்களா? தெரியாது. அந்த வருடமே அவருக்கு மாற்றல் வந்தது. இப்போது அவர் இல்லை. கேட்கவும் வழியில்லை.

ஒரு வருடத்தில் உப்புக் கச்சேரியைப் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். தற்காலிக மனை நிரந்தரமானது. நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன். வேலை இருந்தால் இன்னொருவரை அனுப்பினேன்.

கையேட்டைப் படித்து ஒரு வாரம் வீட்டுக்குள் சுற்றிய பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறினேன். மதுராந்தகம் பக்கம் அந்தக் குடியிருப்பைத் தேடிப்போய் விசாரித்தேன். "தேசம்மாவா? படாளம் ரோட்டுல டிபன் கட வெச்சிகினு கீது," என்றார்கள். நான் பிறந்த ஊருக்கு இரண்டு மைல்.

கடை சிறியது, சுத்தமாக இருந்தது. அவளுக்கு முடி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வா சார். நாஸ்தா துன்னுட்டியா?"

மகள் நர்ஸாகிவிட்டாளாம், தாம்பரம் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலையாம். இட்லி வைத்தாள். நான் தொடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். உத்தரவில்லாமல் வாக்குக் கொடுத்தது, படிவத்தில் எழுதியது, ஐந்தாவது வாரமே கண்ணாடியைக் கண்டுகொண்டது.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டு அவள் தலையை ஆட்டினாள்.

"அது எனுக்கு தெரியும். நீ குனிஞ்ச, பாத்த, நிமிந்த, டீ குட்ச்ச. அன்னிக்கு வரிக்கும் எனுக்கு பயமில்ல. தப்பு பண்றோம், சாரு கண்டுபுடிச்சிடுவாரு, திட்டுவாரு, வெளிய தள்ளுவாருன்னு இருந்தேன். நீ பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போன பாரு, அன்னிலேந்துதான் சார் பயம். செவுரு வுழுந்தா சொல்றதுக்குக்கூட ஆளில்லன்னு. தெனிக்கும் பொண்ண வெளிய உக்காந்து படின்னு சொல்லுவேன். கேக்காது."

அவள் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

"வாக்கு குட்த்த, வரல. கோவம்தான். ரெண்டு வருசம் தெனம் ஒன்ன ஏசினேன். அப்பறம் கட வெச்சேன், ஏச நேரமில்ல." இட்லித் தட்டை என் பக்கம் நகர்த்தி, "இன்னா, நல்லா கட்டியிருக்கீங்களா அத்த?" என்று கேட்டாள்.

"நீ பாக்கவே இல்லியா?"

"யார் கூப்ட்டா?"

கடையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு அவளே கிளம்பினாள். செங்கல்பட்டில் பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைச் சாலைக்கு வந்து சேர மூன்று மணி ஆகிவிட்டது. உப்புக் கச்சேரியில் ஒரு கல்லூரிக் கூட்டமும் இரண்டு குடும்பங்களும் சுற்றிக்கொண்டிருந்தன. காவலாளி ஒவ்வோர் அறையாகக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். தேசம்மா செருப்பைத் தாழ்வாரத்தில் கழற்றிவிட்டு உள்ளே போனாள். மற்ற யாரும் கழற்றவில்லை.

மூன்றாவது அறையில் அந்தக் கறுத்த சுவருக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. காவலாளி அதைப் படித்தார்: "உப்புக் கிடங்கில் முற்காலத்தில் ஏற்பட்ட தீயின் தடயம்."

"தீயும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள் தேசம்மா. "அது எங்க அடுப்புப் பொக."

எல்லோரும் திரும்பினார்கள். "போர்டுல அப்படித்தாம்மா போட்டிருக்கு," என்றார் காவலாளி.

"இங்கதான் அடுப்பு. தோ, இங்க பாயி. எம்பொண்ணு இந்த எடத்துலதான் பொறந்தா."

காவலாளி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "போர்டு தப்பு. இந்தக் கட்டடத்தைப் பழுது பார்த்தவன் நான். இவங்க இங்கே குடியிருந்தவங்க. முப்பது வருஷம் இருந்தாங்க, ஒன்பது குடும்பம். காலியா இருந்ததுன்னு எழுதினது நான்தான்."

சொல்லிவிட்டேன். கல்லூரிப் பெண் ஒருத்தி தேசம்மாவிடம் ஏதோ கேட்க ஆரம்பித்தாள். தேசம்மா கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்தாள். கூட்டம் காவலாளியை விட்டுவிட்டு அவள் பின்னால் போனது. இந்த அறை இன்னாருடையது, இந்தத் தூணில்தான் தொட்டில், இங்கேதான் பந்தல் போட்டோம். அரை மணி நேரம் ஆனது.

திரும்பி வந்ததும் காவலாளி பார்வையாளர் புத்தகத்தை நீட்டினார். "இதுல எழுதிக் குடுங்க சார். எழுத்துல இருந்தா நான் மேல அனுப்பறேன். சொன்னா யாரு நம்புவா?"

நான் புத்தகத்தைத் தேசம்மாவிடம் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

"நீயே எழுது. எழுதறது ஒன் வேலதானே."

உட்கார்ந்தேன். அவள் எதிரில் நின்று அறை வரிசைப்படி ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். குடும்பத் தலைவன் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர். எழுதியதை வாசிக்கச் சொன்னாள். இரண்டு பெயரில் எழுத்துத் திருத்தினாள். ஏழாவது அறைக்கு வந்தபோது வெளியே வெயில் இறங்கிவிட்டது. காவலாளி பூட்டை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். நான் பேனாவை மூடப் போனேன்.

"இன்னும் ரெண்டு ரூம்பு கீது," என்றாள் தேசம்மா. "எழுது."